சந்தேகக்காவும் ஐசோலேஷன் சுவிட்சும்

அந்தச் சின்ன விமானத் தளத்துப் பட்டறையில் அவளுக்குச் சந்தேகக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. முன்பாதி எல்லாம் முதுகுக்குப் பின்னால். அந்தப் பெயரை வைத்தது யார் என்பதில் அவளுக்கு நான்கு பேர் மேல் சந்தேகம். நான்கில் ஒருவர் அவளுடைய கணவர்.

கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். கடைத்தெரு முனையில் கடை வைத்திருந்தார். ஊரில் பாதி வீட்டுச் சாவி அவர் கையால் வெட்டியது. அப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், இவள் போய் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். நாலு படி இறங்குவாள், என்னவோ போல இருக்கும், திரும்ப ஏறிப் போய் இன்னொரு தடவை இழுப்பாள்.

"பூட்டுக்காரன் பூட்டின பூட்டு. இதுக்கு மேல உனக்கு என்னதான் வேணும்?"

"பூட்டத் தெரிஞ்சவருக்குத் திறக்கவும் தெரியுமே" என்பாள்.

"நீ இழுத்து இழுத்தே ஒருநாள் அந்தக் கொண்டி கழண்டு உன் கையோட வரப்போகுது. அன்னிக்கு என்கிட்ட வந்து நிக்காதே" என்பார் அவர். அவள் அதைக் கேட்டுக்கொண்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

கூட வாழ்கிறவர்களுக்கு இது தலைவலிதான். ஆனால் விமானத்தில் ஏறுகிறவர்களுக்கு இப்படி ஒருத்தி பட்டறையில் இருப்பது நல்லது. அவள் வேலை பார்த்த கம்பெனியில் இரண்டு சின்ன விமானங்கள். தூரத்து ஊர்களிலிருந்து நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை. எஞ்சின் இரைச்சலில் உள்ளே ஒருவர் கரடியாகக் கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு விழாது. அதனால் எல்லோர் தலையிலும் ஹெட்போன், வாய்க்கு முன்னால் மைக். உள்ளே பேசுவது உள்ளே இருப்பவர்களுக்கும், வெளியே கட்டுப்பாட்டு டவரில் பேசுவது பைலட்டுக்கும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களாக அதுதான் அவள் வேலை. வேலை முடிந்ததும் புத்தகத்தில் எழுதி, தன் எண் பொறித்த ரப்பர் முத்திரையைக் குத்துவாள். அந்த முத்திரை விழாமல் விமானம் கிளம்பாது. முத்திரை இல்லாவிட்டால் அவள் வேறொருவருக்கு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுக்க மட்டும் லாயக்கு.

பைலட்டின் முன்னால் கையகலத்துக்கு ஒரு பெட்டி உண்டு. அதில் ஒரு சுவிட்ச். நடுவில் இருந்தால் எல்லோர் பேச்சும் எல்லோருக்கும் கேட்கும். மேலே தள்ளினால் ஐசோலேஷன். பைலட் தனியாகிவிடுவார், அவரும் டவரும் மட்டும் பேசிக்கொள்ளலாம். பின்னால் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், அது அவரைத் தொந்தரவு செய்யாது. கீழே தள்ளினால் எமர்ஜென்சி. பெட்டியே செத்தாலும் பைலட்டுக்கு டவர் கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக, அவருடைய ஹெட்போன் நேராக ரேடியோவில் சேர்ந்துகொள்ளும். பெட்டிக்கு மின்சாரம் நின்றுபோனால், யாரும் தள்ளாமலே அது இந்த நிலைக்கு வந்துவிடும். அப்போது பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது, அவரவர் குரல்கூட அவரவருக்குக் கேட்காது. பைலட்டுக்கும் டவர் குரல் இடது காதில் மட்டும்தான் வரும். வலது காது அப்படியே அடைத்துப்போகும்.

முதல் புகார் குளிர்காலத் தொடக்கத்தில் வந்தது. ஒரு முதியவரை ஏற்றிக்கொண்டு வரும்போது அவருக்கு மூச்சு தடுமாறியிருக்கிறது. விமானத்தைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லி நர்ஸ் மைக்கில் கூப்பிட்டிருக்கிறாள். கேப்டன் திரும்பவே இல்லை. கடைசியில் ஸ்ட்ரெச்சரைத் தாண்டித் தவழ்ந்துபோய் அவர் தோளைத் தட்டினாளாம். முதியவர் பிழைத்துக்கொண்டார். கேப்டன் புத்தகத்தில் எழுதியிருந்தார்: 'பின்னாலிருந்து அழைத்தது கேட்கவில்லை. டவர் தொடர்பு சரியாக இருந்தது. சுவிட்ச் நடுவிலேயே இருந்தது. நான் தொடவில்லை.'

சந்தேகக்கா கடைசி இரண்டு வார்த்தைகளை மூன்று தடவை படித்தாள். தொட்டீர்களா என்று யாருமே கேட்கவில்லையே, இந்த மனிதர் ஏன் முந்திக்கொள்கிறார்?

விமானத்தைப் பட்டறைக்குள் தள்ளி, ஒவ்வொரு ஹெட்போனாக மாட்டிப் பார்த்தாள். ஐசோலேஷன் சரி. எமர்ஜென்சி சரி. நடுநிலையில் எல்லோருக்கும் எல்லாம் கேட்டது. 'சோதித்தேன், குறையில்லை' என்று எழுதி முத்திரை குத்தினாள். பத்து நாளில் அதே புகார். அதே சோதனை, அதே முத்திரை. மூன்றாவது புகார் வந்த அன்று மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் கெட்ட செய்தி சொல்லும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"மூணு தடவை நல்லா இருக்குன்னு முத்திரை குத்தியிருக்கீங்க. மூணு தடவையும் நல்லா இல்ல. இன்னொரு தடவை வந்தா முத்திரையை நான் வாங்கி வெச்சுக்க வேண்டியதுதான்."

"பெட்டில ஒண்ணும் இல்ல சார். கரண்ட் போயி எமர்ஜென்சிக்கு விழுந்திருந்தா கேப்டனுக்கு வலது காது அடைச்சிருக்கும். அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். அவரு ஒண்ணுமே தெரியலைங்கறாரு. அப்போ மிச்சம் இருக்கறது ஒண்ணுதான். ஐசோலேஷன்ல போட்டிருக்காரு, மறந்துட்டாரு, பழியை என் தலையில கட்டறாரு."

"கேப்டனையா சொல்றீங்க?" என்றார் மேனேஜர். பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

அவர் அதிர்ந்ததில் நியாயம் இருந்தது. கேப்டனைக் குறை சொல்ல அந்த வளாகத்தில் ஆள் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது, அதிராத பேச்சு, காவலாளிக்குக்கூட வணக்கம் சொல்லும் பழக்கம். அதுவே சந்தேகக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. இவ்வளவு நல்லவராக ஒருவர் ஏன் இருக்க வேண்டும்?

அன்றிலிருந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். கவனிக்கக் கவனிக்க மனிதர் மோசமாகிக்கொண்டே போனார். எதிரில் நின்று பேசினால் அவர் இவளுடைய முகத்தைப் பார்ப்பதே இல்லை. தலையை வலப்பக்கம் திருப்பி எங்கோ சுவரைப் பார்ப்பார். மடியில் கனம் இருக்கிறவர்தான் இப்படிப் பார்ப்பார். கேன்டீனில் எப்போதும் ஒரே நாற்காலி, வலப்பக்கம் சுவரை ஒட்டியது. ஒருநாள் அதில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததால் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னொரு நாள் அவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது இவள் பின்னால் வந்து, வலது தோளருகே நின்று, "சுவிட்சை நீங்க தொடவே இல்லையா கேப்டன்?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் காதில் விழாதது போல எழுதிக்கொண்டே இருந்தார். என்ன நெஞ்சழுத்தம்! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தாள். வீட்டில் அதைப் புரட்டிப் பார்த்த கணவர், "எனக்கும் இப்படி ஒரு நோட்டு இருக்கா?" என்று கேட்டார். அவள் நோட்டைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகுதான் நர்ஸைப் பிடித்தாள். சின்னப் பெண், வாய் ஓயாது. விமானத்தில் ஏறினால் மேகத்தைப் பற்றியெல்லாம் பேசுவாள் என்று கேள்வி. அந்த வாய்க்குப் பயந்துதான் கேப்டன் ஐசோலேஷனுக்குப் போயிருப்பார் என்பது சந்தேகக்காவின் முடிவு.

"நீ கூப்பிட்டப்போ உன் குரல் உனக்கு ஹெட்போன்ல கேட்டுதா?"

"இல்லக்கா. காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருந்துச்சு."

சந்தேகக்கா ஒரு கணம் நின்றாள். ஐசோலேஷனில் இருந்தால் பின்னால் இருப்பவளுக்குத் தன் குரல் கேட்க வேண்டும். பஞ்சு வைத்த மாதிரி இருந்தால் அது எமர்ஜென்சி.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. கேட்டிருக்கும்."

"கேக்கலக்கா. அந்தத் தாத்தாவுக்கு உதடு நீலமாயிடுச்சு. நான் கத்தறேன், எனக்கே கேக்கல. அதை எப்படிக்கா மறப்பேன்?"

பெட்டியைச் சந்தேகிக்க வேண்டிய இடம் அது. பெட்டியைச் சந்தேகிப்பதுதான் அவள் வேலையே. ஆனால் ஆளைச் சந்தேகிக்க ஆரம்பித்தவளுக்குப் பெட்டி கண்ணில் படவில்லை. சரி, இவளும் கூட்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், நோயாளி இல்லாமல் ஒரு சோதனைப் பறப்பு வேண்டும், தானும் ஏறுவேன் என்றாள். கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுவதாகச் சொல்லவில்லை. மேனேஜருக்கும் வேறு வழி இல்லை.

பைலட் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். பின்னால் யாரும் இல்லை. கிளம்பும்போது எல்லாம் நன்றாகவே கேட்டது. "வசதியா இருக்கா?" என்று கேப்டன் கேட்டதும், டவர் பதில் சொன்னதும் இரண்டு காதிலும் கணீரென்று விழுந்தன. அவள் கண்ணை அவருடைய வலது கையை விட்டு எடுக்கவில்லை. மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. அவர் ஒரு குமிழை இழுத்தார். எஞ்சின் சூட்டில் வரும் வெப்பக் காற்று காலடியில் வீசத் தொடங்கியது. அவள் நோட்டில் நேரம் குறித்தாள். தரையில் சோதிக்கும்போது இந்தக் குமிழை யாரும் இழுப்பதில்லை என்பது அப்போது அவள் மனதில் ஓடவில்லை.

ஒன்பது நிமிடம் கழித்து உலகம் நின்றுபோனது. காதில் பஞ்சு. எஞ்சின் இரைச்சல் மட்டும் எங்கோ தூரத்தில். "கேப்டன்" என்றாள், தன் குரல் தனக்கே கேட்கவில்லை. சுவிட்சைப் பார்த்தாள். நடுவில் இருந்தது. அவர் கை சுவிட்சுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. பெட்டியிலிருந்த பச்சை விளக்கைக் கையால் வெயில் மறைத்துப் பார்த்தாள். அணைந்திருந்தது.

மின்சாரம் நின்றிருக்கிறது. பெட்டி தானாகவே எமர்ஜென்சிக்கு விழுந்திருக்கிறது. அப்படியானால் மூன்று தடவையும் கேப்டன் எழுதியது உண்மை. மூன்று தடவையும் அவள் குத்திய முத்திரை பொய்.

பக்கத்தில் கேப்டன் டவரோடு பேசிக்கொண்டிருந்தார்; உதடு அசைவது தெரிந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் அவளுக்கு உதைத்தது. வலது காது திடீரென்று அடைத்துப்போனால் எந்த மனிதரும் ஹெட்போனைத் தொட்டுப் பார்ப்பார், பெட்டியைத் தட்டிப் பார்ப்பார். இவர் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி அவர் முன்னால் நீட்டினாள். 'டவர் எந்தக் காதில் கேட்கிறது?'

அவர் படித்தார். அவசரமில்லாமல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டிலும்.

அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துபோனது. வலப்பக்கம் திரும்புகிற முகம், சுவரை ஒட்டிய நாற்காலி, பின்னால் நின்று கேட்ட கேள்வி. நோட்டில் தேதி போட்டு எழுதியதெல்லாம் உண்மைதான். அதற்கு அவள் எழுதிய காரணம்தான் ஒன்றுகூடச் சரியில்லை. ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தால் எவ்வளவு நிறைவாக இருக்கும் என்று அவள் பல வருடங்களாக நினைத்திருந்தாள். இப்போது அந்த நிறைவு வரவே இல்லை. பயமாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

தரையிறங்கியதும் இறக்கைக்குப் பக்கத்தில் நின்றார்கள். அவர் வழக்கம்போல இடது காதை அவளுக்குக் கொடுத்து, ஓடுபாதையைப் பார்த்தபடி நின்றார்.

"எவ்வளவு நாளா?"

அவர் தெரியாத மாதிரி நடிக்கவில்லை. "மூணு வருஷம். ஒரு காய்ச்சல் வந்துச்சு. எழுந்தப்போ வலது காதுல ஒண்ணும் இல்ல."

"வருஷா வருஷம் டாக்டர் பார்க்கறாங்களே!"

"சத்தம் கேட்டா பொத்தானை அழுத்தணும். எதிர்ல ஒரு கண்ணாடி அலமாரி இருக்கு. சத்தத்தைப் போடறவரோட கை அதுல தெரியும். கையைப் பார்த்து அழுத்துவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் ரெண்டு வருஷந்தாம்மா. அப்புறம் நானே இறங்கிடுவேன்."

"அந்தப் பெரியவருக்கு ரெண்டு நிமிஷம்கூட இருந்திருக்காது கேப்டன்."

அவர் இறக்கை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டாக்டர்கிட்ட போங்க. நீங்களே சொல்லுங்க. அதுவரைக்கும் எதுலயும் ஏறாதீங்க. போகலைன்னா நான் எழுதுவேன்."

"என்னை நம்பறீங்களா?"

"இல்ல" என்றாள். அது அவள் வாயிலிருந்து பழக்கத்தில் வந்ததுதான். ஆனாலும் சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாலையில் பெட்டியைக் கழற்றினாள். பின்னால் மின்சாரம் வரும் ஒயர், வெப்பக் காற்றுக் குழாயை ஒட்டிப் போனது. போன கோடையில் அவள் கையால் போட்டது. ஒரு பிளாஸ்டிக் கட்டு போதும். ஒன்று போட்டவளுக்கு நம்பிக்கை வராமல் இரண்டாவது போட்டு, அதையும் நம்பாமல் மூன்றாவது போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இறுக்கியிருந்தாள். ஒயருக்கு அசையவே இடமில்லை. குழாய் சூடாகிப் பருக்கும்போது, விறைத்து நின்ற ஒயர் இணைப்பிலிருந்து ஒரு நூலளவு வெளியே வந்துவிடும். ஆறினால் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டறையில் எத்தனை தடவை சோதித்தாலும் குறை தெரியாது. கழன்ற முனையைக் கையில் பிடித்தபடி நின்றவளுக்குப் பூட்டுக்கடைக்காரர் சொன்ன கொண்டி ஞாபகம் வந்தது.

ஒரு வழி இருந்தது, அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கட்டுகளை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, 'பைலட்டின் காது' என்று இரண்டு வார்த்தை எழுதினால் எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். அவள் முத்திரையை யாரும் கேட்க மாட்டார்கள். பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தாள். கடைசியில் எழுதினாள்: 'ஒயரை நான் தேவைக்கு மேல் இறுக்கிக் கட்டியதால் இணைப்பு கழன்றிருக்கிறது. வெப்பக் காற்று ஓடும்போது மட்டும் குறை தெரியும். முன்பு மூன்று தடவையும் நான் அப்படிச் சோதிக்கவில்லை.'

மேனேஜர் படித்துவிட்டு நெடுநேரம் பேனா மூடியோடு மல்லுக்கட்டினார். "கரண்ட் போனா கேப்டனுக்கு ஒரு காது அடைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அவருக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"அதை அவரு நாளைக்குச் சொல்லுவாரு சார்."

முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மூன்று மாதத்துக்கு இல்லை என்றார்கள். வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கிண்டல் செய்யவில்லை. கதவைப் பூட்டியதும் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இழுக்காமல் படுக்கப் போனாள். தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் ஒன்பதரைக்கே டாக்டர் கட்டடத்துக்கு எதிரே, பஸ் நிற்கும் இடத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு நின்றாள். அவர் வராவிட்டால் என்ன எழுதுவது என்றுகூட மனதில் தயார் செய்துவைத்திருந்தாள். பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கேப்டன் கட்டடத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் வருவதற்கு முன்பே வந்தவர் போலிருந்தது.

"பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றார். "வருவீங்கன்னு தெரியும். அதான் உள்ள போகாம காத்திருந்தேன். இந்தப் பக்கம் உட்காருங்க."

அவள் அவருடைய இடப்பக்கம் உட்கார்ந்தாள். முகம் சிவந்து போயிருந்தது. "மன்னிச்சுக்குங்க கேப்டன்."

"வேண்டாம். எனக்கு ஒரு உதவி வேணும். ராத்திரி பூரா யோசிச்சேன். டாக்டர்கிட்ட சொல்லிடறேன்னுதான் வந்திருக்கேன். ஆனா அந்த நாற்காலில உட்கார்ந்ததும் பழைய புத்தி வந்துடும். கண்ணு தானா அந்தக் கண்ணாடிக்குப் போகும். நீங்க அலமாரிக்கு முன்னாடி போய் நில்லுங்க. என்னை நம்பாத ஆளு ஒருத்தர் அங்க நிக்கணும்."

உள்ளே அது ஒரு சின்ன அறை. அதற்குள் சத்தம் புகாத ஒரு கூண்டு, அதில் ஒரு ஜன்னல். கேப்டன் கூண்டுக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானைக் கையில் பிடித்தார். பழைய வழக்கத்தில் அவர் கை ஹெட்போனைத் தானாக நேராக்கியது. சந்தேகக்கா கண்ணாடி அலமாரியை முதுகால் மறைத்து நின்றாள். முதலில் இடது காது. சத்தம் போகப்போக அவர் கட்டைவிரல் டக் டக்கென்று அழுத்தியது; ஒன்றைக்கூட விடவில்லை. பிறகு வலது காதுக்கு முறை வந்தது. டாக்டரின் உதவியாளர் கை ஏறி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. ஒரு சத்தம், இன்னொன்று, இன்னும் பலமாக இன்னொன்று.

கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. அது அசையவில்லை. அவர் சுவரைப் பார்க்கவில்லை, தலையைத் திருப்பவும் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் கண்ணை எடுக்காமல், கடைசிச் சத்தம் முடியும்வரை அந்த இடத்திலேயே நின்றாள்.